இடம்புரி

தாத்தா வானத்தில் இருந்தது
மொத்தம் பதினோரு மணி நேரம்.
படைப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது.
மீதி ஐந்து வருடமும்
இறக்கைக்கு அடியில்.

எல்யாஸ் குரோனென், ஃபின்லாந்து விமானப்படை, மெக்கானிக்.
பறந்ததெல்லாம் சோதனை ஓட்டம்,
விமானியின் முதுகுக்குப் பின்னே
சாமான் வைக்கும் பொந்தில் மடங்கிக் கிடந்து,
காதை உலோகத்தில் ஒட்டிக்கொண்டு.
கீழே என்ன தெரிந்தது என்று கேட்டால்
"ஆறாவது சிலிண்டர்" என்பார்.

மைனஸ் முப்பத்தெட்டில் எண்ணெய் மெழுகாகிவிடும்.
ஆகவே மாலைதோறும்
என்ஜின் சூடு ஆறுமுன் வடித்தெடுத்து
தகர டின்களை சவுனா அடுப்போரம் வைப்பார்கள்.
ஆட்கள் குளித்து முடித்த வெக்கையில்
இரவெல்லாம் எண்ணெய் குளிக்கும்.
விடியுமுன் சறுக்குவண்டியில் இழுத்து வந்து
மறுபடி ஊற்ற வேண்டும்.
அதற்கு முன்னால் வடிமூடி.
இறுகத் திருகி, அதன் தலைத்துளையில் கம்பி கோத்து,
அதிர்வில் கழலாதபடி முறுக்கிக் கட்ட வேண்டும்.
கையுறையோடு முடியாது.
கையுறை இல்லாமல்
நாற்பது எண்ணும்வரை முடியும்.
கொட்டகையில் எல்லாரும் வலம்புரியாய் முறுக்க
இடக்கைக்காரர் இவர் மட்டும் இடம்புரி.
சார்ஜெண்ட் ஒருமுறை திட்டினார்,
பிறகு விட்டுவிட்டார்.
கடைசியில், படிவத்தில் கையெழுத்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, மார்ச் பதினேழு.
அர்மாஸ் என்ற விமானி, வயது இருபத்திரண்டு,
பாதி கடித்த கம்பு ரொட்டியைக்
கருவிப்பெட்டிமேல் வைத்துவிட்டு
"வந்து தின்கிறேன்" என்று ஏறிப் போனான்.
மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது.
யாரும் தொடவில்லை.
நான்காம் நாள்
அந்தப் பெட்டியிலிருந்துதான் ஸ்பானர் எடுக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பிறகு யோயென்சூவில் பஸ் பழுதுபார்த்தார்.
கல்யாணம், மூன்று பெண்கள், உருளைக்கிழங்குப் பாத்தி, பென்ஷன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
சமையலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார்.
சொட்டியிருக்காது.
இன்னொரு முறை திருகுவார்.
வயசாகிவிட்டது என்பாள் அம்மா.
அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே
அந்த வயது அவருக்கு.

எண்பத்து நான்கு கோடையில்
ஹிர்சியார்வி ஏரியில் மூழ்கிப் பழகும் பையன்கள்
சேற்றிலிருந்து ஓர் என்ஜினைத் தூக்கினார்கள்.
என்ஜின் மட்டும்தான்.
எண்ணைப் பார்த்து, காகிதங்களைத் தேடி,
தாத்தாவைக் கூப்பிட்டார்கள்.
கார் ஓட்டியது நான்.
தொண்ணூறு கிலோமீட்டருக்கு அவர் பேசியது இவ்வளவே:
"தினம் தினம் கட்டினேன்.
அதனால்தான் அந்த ஒரு காலை ஞாபகத்தில் இல்லை."

படகுத்துறையில் கப்பிச் சங்கிலியில் தொங்கியது,
நீர் சொட்டச் சொட்ட.
வளைந்துபோன புரொப்பெல்லரை அவர் பார்க்கவில்லை.
பத்திரிகைக்காரி கேட்டதும் காதில் விழவில்லை.
அறுபத்தேழு வயதில், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு
பலகைமேல் மல்லாந்து
அதன் அடியில் தலையை நுழைத்தார்.
கட்டைவிரலால் சேற்றை வழித்தார்.

மூடி இருந்தது.
கம்பி இருந்தது.
இடம்புரி.

வெளியே வர நெடுநேரம் ஆயிற்று.
அழுவார் என்று நினைத்தேன்.
ஒரு பெருமூச்சாவது வரும் என்று.
சட்டையில் கையைத் துடைத்தபடி,
"அப்படியானால் அந்தப் பையன் ஏன் வரவில்லை?" என்றார்,
பத்திரிகைக்காரியிடம்,
அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.
அவள் பேனாவை மூடிக்கொண்டாள்.

நாற்பத்தோரு வருடம் அவரிடம்
கெட்டதோ நல்லதோ ஒரு பதில் இருந்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொன்னார்.
என் காரின் முன்மூடியைத் தூக்கி
எண்ணெய்க் கோலை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்து
"குறைவு" என்றார். அரை லிட்டர் வாங்கினோம்.
ஊற்றிவிட்டு மூடியைத் திருகினார்,
ஒரே முறை.

அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன்.
இரண்டு மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.
நான்தான் விழித்துக் கிடந்தேன்.